பெற்றோரும் ஆசிரியரும் பேசிக்கொள்கிறோமா?



நம் புதுச்சேரியில் பள்ளிக்கல்வி கடந்த சில ஆண்டுகளாகப் பெரியதொரு மாற்றத்தைச் சந்தித்து வருகிறது. நமக்கென்று தனியாக ஒரு கல்வி வாரியம் கிடையாது. ஆகவே நெடுங்காலமாகப் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாஹே கேரளப் பாடத்திட்டத்தையும், ஏனாம் ஆந்திரப் பாடத்திட்டத்தையும் பின்பற்றி வந்தன. இப்போது அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்திற்கு மாறிவிட்டன. தொடக்க வகுப்புகளில் முன்பே வந்துவிட்ட இந்த மாற்றம், 2023-24 கல்வியாண்டில் மேல்வகுப்புகளுக்கும் கொண்டுவரப்பட்டது. 2025-ஆம் ஆண்டில் நம் அரசுப் பள்ளி மாணவர்கள் 10, 12-ஆம் வகுப்புகளில் முதன்முறையாக சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வை எழுதினார்கள். தனியார் பள்ளிகள் பலவும் இன்னும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலேயே நடக்கின்றன. ஒரே தெருவில், ஒரே வயதுப் பிள்ளைகள் இரண்டு விதமான புத்தகங்களோடு பள்ளிக்குப் போகிறார்கள்.

இந்த மாற்றம் நல்லதா, கெட்டதா என்று மேடைகளில் பேசியாகிவிட்டது. ஆனால் யாரும் அதிகம் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. பிள்ளையின் புத்தகம் மாறியதை, தேர்வு முறை மாறியதை, மதிப்பெண் போடும் வழக்கம் மாறியதைப் பெற்றோரிடம் உட்கார்ந்து விளக்கியவர் யார்? நம் ஊரில் தாத்தா பிரெஞ்சில் பிரெவே முடித்தவராகவும், அப்பா தமிழ்நாட்டுப் பாடத்தில் பத்தாம் வகுப்பு படித்தவராகவும், பேரன் சி.பி.எஸ்.இ. படிப்பவனாகவும் இருக்கும் வீடுகள் உண்டு. மூன்று தலைமுறைக்கு மூன்று கல்வி முறை! இப்படிப்பட்ட வீட்டில் பிள்ளையின் நோட்டைத் திறந்து பார்க்கும் பெற்றோருக்கு வழிகாட்ட வகுப்பு ஆசிரியரை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகளைத் திருத்தியது. 5, 8-ஆம் வகுப்புகளில் ஆண்டுத் தேர்வில் தவறும் பிள்ளைக்குக் கூடுதலாகக் கற்பித்து, இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும். அதிலும் தவறினால் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாம் என்பது புதிய விதி. தன் பள்ளிகளில் இதைப் பின்பற்றப் போவதில்லை என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. நிறுத்தி வைக்கப்படும் பிள்ளைக்கு மட்டுமன்றி, தேவையானால் அதன் பெற்றோருக்கும் வகுப்பு ஆசிரியர் வழிகாட்ட வேண்டும் என்று அதே விதி சொல்வதைக் கவனித்தவர்கள் குறைவு. பத்து வயதுப் பிள்ளை தவறிய பிறகுதான் பெற்றோரும் ஆசிரியரும் முதன்முதலாகப் பேசிக்கொள்கிறார்கள் என்றால், அந்தப் பேச்சு காலம் கடந்த பேச்சு அல்லவா?

கூட்டம் நடக்கிறது, உரையாடல் நடக்கிறதா?

பெற்றோர் ஆசிரியர் கூட்டம் இல்லாத பள்ளியே இன்று இல்லை என்று சொல்லலாம். ஆனால் அங்கே என்ன நடக்கிறது? ஒரு தாய் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார். வரிசையில் நிற்கிறார். அவருடைய முறை வரும்போது ஆசிரியர் மதிப்பெண் பட்டியலைக் காட்டி, "கணக்கில் ரொம்ப வீக்காக இருக்கிறான்மா, வீட்டில் கவனியுங்கள்" என்கிறார். "சரிங்க மிஸ்" என்று தாய் தலையாட்டுகிறார். கையெழுத்துப் போடுகிறார். கட்டணம் பாக்கி இருந்தால் அலுவலகத்திற்கு அனுப்பப்படுகிறார். வீட்டிற்கு வந்ததும் பிள்ளைக்கு அடி விழுகிறது. கணக்கில் எது புரியவில்லை, ஏன் புரியவில்லை, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

இதில் ஆசிரியரை மட்டும் குறை சொல்வது நியாயம் ஆகாது. ஒரு வகுப்பில் 50 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பெற்றோருக்கும் 3 நிமிடம் கொடுத்தாலே இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். 3 நிமிடத்தில் மதிப்பெண்ணைச் சொல்லலாம். பிள்ளையைப் பற்றிப் பேச முடியாது. பாடம் நடத்துவதோடு பதிவேடுகள், கணக்கெடுப்புகள், விழாக்கள் என்று ஆசிரியரின் சுமையும் ஏறிக்கொண்டே போகிறது. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் கேட்கும் பெற்றோர்களும், பிள்ளை சொன்னதை மட்டும் நம்பிக்கொண்டு பள்ளி வாசலில் வந்து சத்தம் போடும் பெற்றோர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஒரு காலத்தில் பெற்றோர் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது, "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் சார்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதில் ஆசிரியர் மேல் நம்பிக்கை இருந்தது உண்மைதான். ஆனால் அதுவும் உரையாடல் அன்று. 'இனி இவன் உங்கள் பொறுப்பு' என்று கைகழுவும் பேச்சு அது. இன்று பிள்ளையை அடிப்பதைச் சட்டம் தடை செய்துவிட்டது, அது நல்லதே. ஆனால் பழைய பேச்சு போன இடத்தில் புதிய பேச்சு வரவில்லை. முன்பு கண்மூடிய நம்பிக்கை. இப்போது கண்மூடிய சந்தேகம். இரண்டிலும் பேச்சு இல்லை.

அரசுகள் எடுத்த முயற்சிகள்

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. பெற்றோரை ஒழுங்காகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை என்று அதன் 24-ஆம் பிரிவு சொல்கிறது. 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையோ, முன்னேற்ற அட்டையை வீட்டையும் பள்ளியையும் இணைக்கும் பாலமாகக் காண்கிறது.

பல மாநிலங்கள் இதைச் செயல்படுத்தவும் முயன்றுள்ளன. 2016 ஜூலை 30 அன்று தில்லி அரசு தன் பள்ளிகள் எல்லாவற்றிலும் ஒரே நாளில் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பை நடத்தியது. 2022 மார்ச் 20 அன்று தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 'நம் பள்ளி நம் பெருமை' என்ற பெயரில் பெற்றோர் கூட்டப்பட்டார்கள்; அதைத் தொடர்ந்து பள்ளி மேலாண்மைக் குழுக்கள் புதுப்பிக்கப்பட்டன. நம் ஏனாமைச் சூழ்ந்திருக்கும் ஆந்திரத்தில் 2024 டிசம்பர் 7 அன்று மாநிலம் முழுவதும் மாபெரும் சந்திப்பு நடந்தது. இவை பாராட்டுக்குரியவை. ஆனால் ஒருநாள் விழாவாக, தோரணம் கட்டிப் புகைப்படம் எடுத்து முடிந்துவிட்டால் பயனில்லை. மறுநாள் காலையில் அந்தத் தாய் பள்ளி வாசலில் வந்து நின்றால் உள்ளே விடுகிறார்களா என்பதில்தான் உண்மை தெரியும்.

நமக்கு விலக்கு உண்டா?

கத்தோலிக்கராகிய நாம் இங்கே நம்மைப் பார்த்தே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளில் மேலாண்மைக் குழு ஆலோசனை சொல்லும் அளவிலேயே இயங்கும் என்று 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்கே பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு ஒன்று அந்தத் தீர்ப்பைப் பற்றி ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் பரிசீலனைக்காகத் தலைமை நீதிபதியிடம் அனுப்பியது. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும், கல்வி நிறுவனங்களை நடத்த அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு நமக்குத் தரும் உரிமை விலைமதிப்பற்றது. அதைக் காத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால், அரசின் சட்டம் விலக்கு அளித்த இடத்தில் திருச்சபையின் சட்டம் விலக்கு அளிக்கவில்லை! 1983-ஆம் ஆண்டு திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 796-ஆம் பிரிவை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பெற்றோர் ஆசிரியர்களோடு நெருங்கி ஒத்துழைக்க வேண்டும் என்று அது கேட்கிறது. அதோடு நிற்கவில்லை. ஆசிரியர்களும் பெற்றோருடன் மிக நெருங்கி உழைக்க வேண்டும், அவர்கள் சொல்வதற்கு மனமுவந்து செவிகொடுக்க வேண்டும், அவர்களுக்கென்று சங்கங்களோ கூட்டங்களோ ஏற்படுத்தி அவற்றை உயர்வாக மதிக்க வேண்டும் என்றும் அது கட்டளையிடுகிறது. 'தெரிவிக்க வேண்டும்' என்பதோடு அரசின் சட்டம் நிற்கும்போது, 'செவிகொடுக்க வேண்டும்' என்று திருச்சபைச் சட்டம் ஒரு படி மேலே போகிறது. பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர் என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கல்வியைப் பற்றிய தன் அறிக்கையில் கற்பித்ததன் விளைவு இது. அந்த அறிக்கையின் 60-ஆம் ஆண்டு நிறைவையொட்டித் திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 அக்டோபரில் கல்வியைப் பற்றித் திருத்தூது மடல் ஒன்றை வெளியிட்டதும் நாம் அறிந்ததே.

நம் உயர்மறைமாவட்டத்தின் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. 1844-ஆம் ஆண்டு புதுச்சேரிக் கல்வி வரலாற்றில் முக்கியமான ஆண்டு. பெத்தி செமினேர் பள்ளி தொடங்கியது அந்த ஆண்டில்தான். பெண்பிள்ளைகளுக்குக் கல்வி தருவதற்கென்றே அருள்தந்தை துப்புயி அவர்கள் மரியாவின் மாசற்ற இதய அருள்சகோதரிகள் சபையைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதே வழக்கத்தில் இல்லாத காலம் அது. அன்று வீட்டாரின் மனம் இணங்காமல் ஒரு சிறுமிகூட வகுப்பறைக்கு வந்திருக்க முடியாது. நம் பள்ளிகள் பெற்றோரின் நம்பிக்கையில் எழுந்தவை. இன்று சேர்க்கைக்கு வரிசை நிற்கிறது என்பதற்காக அந்த அடித்தளத்தை மறந்துவிடலாமா? நம் பள்ளிகளில் படிப்போரில் பெரும்பாலோர் பிற சமயக் குடும்பத்துப் பிள்ளைகள். அந்தப் பெற்றோருக்குத் திருச்சபையின் முகம் என்பது வகுப்பு ஆசிரியரின் முகமே. திருச்சபையின் குரல் என்பது பள்ளி அலுவலகத்தில் அவர்களிடம் பேசும் குரலே.

ஒரு தாயும் ஓர் ஆசிரியையும்

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 மே 20 அன்று பொது மறைக்கல்வி உரையில் தம் சிறுவயது நிகழ்ச்சி ஒன்றைச் சொன்னார். நான்காம் வகுப்பில் படிக்கும்போது ஆசிரியையிடம் ஒரு கெட்ட வார்த்தை பேசிவிட்டாராம். ஆசிரியை தாயை அழைத்துவர ஆள் அனுப்பினார். மறுநாள் தாய் வந்தார். முதலில் அவர்கள் இருவரும் பேசினார்கள். பிறகே சிறுவனை அழைத்தார்கள். செய்தது தவறு என்று தாய் கனிவோடு எடுத்துச்சொல்லி, ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்க வைத்தார். வீட்டில் மிச்சம் கிடைத்தது வேறு கதை! இன்று அதே நிலையில் பெற்றோர் ஆசிரியரைக் கண்டிக்கக் கிளம்பிவிடுகிறார்கள் என்று கூறிய திருத்தந்தை, குடும்பத்திற்கும் பள்ளிக்கும் இடையிலான கல்வி உடன்படிக்கை முறிந்துவிட்டது என்று வருந்தினார்.

அந்த நிகழ்ச்சியின் வரிசையைக் கவனியுங்கள். பெரியவர்கள் இருவரும் முதலில் தனியாகப் பேசினார்கள். பிள்ளைக்கு முன்பாக ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்கவில்லை. வீடும் பள்ளியும் ஒன்றுதான் என்று அன்று அந்தச் சிறுவன் தெரிந்துகொண்டான்.

லூக்கா நற்செய்தியிலும் நாம் சிந்திக்க வேண்டிய காட்சி ஒன்று உண்டு. பன்னிரண்டு வயது இயேசுவைக் காணாமல் தேடிய பெற்றோர், மூன்று நாளுக்குப் பின் கோவிலில் போதகர்கள் நடுவே அவரைக் கண்டார்கள். போதகர்கள் அந்தப் பிள்ளையின் அறிவைக் கண்டு வியந்திருந்தார்கள். பெற்றோரோ மனவேதனையோடு தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியவில்லை. தாய் மகனோடு பேசுகிறார், மகன் பதில் சொல்கிறார். போதகரும் பெற்றோரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாக நற்செய்தியாளர் எழுதவில்லை. நம் ஊரிலும் பல பிள்ளைகளின் நிலை இதுதான். வீட்டில் வாய் திறக்காத பிள்ளை வகுப்பில் கேள்வி மேல் கேள்வி கேட்கிறது. வகுப்பில் மந்தம் என்று பெயரெடுத்த பிள்ளை வீட்டில் கடைக்கணக்கை விரல்நுனியில் வைத்திருக்கிறது. பாதிப் பிள்ளை வீட்டிலும் பாதிப் பிள்ளை பள்ளியிலுமாக இருக்கிறது. அந்த இரண்டு பாதியையும் சேர்த்து முழுப் பிள்ளையாகப் பார்க்க வேண்டாமா?

என்ன செய்யலாம்?

முதலாவதாக, முதல் தேர்வுக்கு முன்பே முதல் சந்திப்பு நடக்கட்டும். அதில் மதிப்பெண் பட்டியல் வேண்டாம். "உங்கள் பிள்ளையைப் பற்றி நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?" என்ற ஒரே கேள்வியை ஆசிரியர் கேட்கட்டும். 50 பெற்றோரையும் ஒரே நாளில் அழைக்காமல், வாரத்திற்குப் பத்துப் பேர் என்று ஐந்து வாரங்களில் அழைத்தால் அதே இரண்டரை மணி நேரத்தில் ஒவ்வொருவருக்கும் 15 நிமிடம் கிடைக்கும். ஆசிரியர் ஐந்து மடங்கு நேரம் செலவிட வேண்டும் என்பது உண்மையே. ஆகவே நிர்வாகம் வேறு வேலைகளைக் குறைத்து அந்த நேரத்தை அவருக்கு ஒதுக்கித் தர வேண்டும்.

இரண்டாவதாக, பெற்றோரின் நேரத்தைக் கேட்டு நாள் குறிக்க வேண்டும். ஆயிரக்கணக்கானோர் பஞ்சாலைகளில் வேலை பார்த்த காலம் போய்விட்டது, ஏ.எஃப்.டி. ஆலையும் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. இன்று ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம். சனி, ஞாயிறுகளில் சுற்றுலாப் பயணிகள் குவியும் நம் ஊரில், உணவகங்களிலும் விடுதிகளிலும் கடைகளிலும் வேலை செய்வோருக்கு அந்த நாட்களில்தான் மூச்சுவிட நேரமில்லை. சனிக்கிழமைக் கூட்டத்திற்கு அவர்கள் வராததை அக்கறையின்மை என்று எழுதிவிடலாமா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்தத் தந்தையர் கரையில் இருக்கும் நாட்கள் அவை. பள்ளி திறந்ததும் அவர்களை முதலில் அழைக்கலாமே!

மூன்றாவதாக, நல்ல செய்திக்கும் பெற்றோரை அழைப்போம். பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தாலே 'என்ன தப்பு செய்தானோ' என்று தாயின் நெஞ்சு படபடக்கும் நிலை மாற வேண்டும். 'இன்று உங்கள் மகள் வகுப்பில் நன்றாக வாசித்தாள்' என்று டைரியில் எழுதும் ஒரு வரிக்கு எத்தனை ஆற்றல்! சுற்றறிக்கைகள் தமிழிலும் வரட்டும். மதிப்பெண்களைப் பிறர் முன் வாசிப்பதும், வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிள்ளையின் குறையைப் போடுவதும் நிற்கட்டும். குழு பொது அறிவிப்புக்கு. பிள்ளையைப் பற்றிய பேச்சு நேரில்.

நான்காவதாக, பெற்றோராகிய நம் கடமை. வீட்டில் ஒரு மரணம், நோய், வேலையிழப்பு, பெற்றோருக்குள் பிரிவு என்று ஏதாவது நேர்ந்தால் அதை வகுப்பு ஆசிரியரிடம் நம்பிச் சொல்வோம். கேட்கும் ஆசிரியர் அதை ஆசிரியர் அறையில் பேசுபொருள் ஆக்காதிருக்கட்டும். பிள்ளைகள் முன் ஆசிரியரை இழித்துப் பேசாதிருப்போம். 'எத்தனை மார்க்?' என்று மட்டும் கேட்காமல், 'யாரோடு பழகுகிறாள்? எதில் ஆர்வம்? எதற்குப் பயப்படுகிறாள்? வீட்டில் நாங்கள் செய்ய வேண்டியது என்ன?' என்று கேட்போம். தாயை மட்டும் அனுப்பாமல் தந்தையரும் போவோம்.

ஐந்தாவதாக, பங்குச் சமூகத்தின் பொறுப்பு. தாய் தந்தை பிரான்சிலோ வளைகுடா நாடுகளிலோ இருக்க, தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. படிக்கத் தெரியாததால் பள்ளி வாசலை மிதிக்கக் கூச்சப்படும் பெற்றோர்களும் உண்டு. நம் அன்பியங்கள் அவர்களுக்குத் துணையாகப் போகலாம். ஞாயிறு திருப்பலியில் பெற்றோரும் ஆசிரியரும் ஒரே பலகையில் அமர்ந்து சமாதானம் பகிர்ந்துகொள்கிறோம். வெளியே வந்து ஐந்து நிமிடம் பேசிக்கொள்ளத் தடை என்ன?

ஓர் எச்சரிக்கையும் அவசியம். உரையாடல் என்பது குற்றத்தை மூடிமறைக்கும் வழி ஆகிவிடக் கூடாது. பிள்ளைக்குப் பாலியல் துன்பம் நேர்ந்ததாகத் தெரிந்தால், அதைப் 'பேசித் தீர்த்துக்கொள்ள' யாருக்கும் உரிமை இல்லை. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது எல்லாருடைய கடமை. குழந்தைகள் உதவி எண் 1098 ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும். பெற்றோரும் ஆசிரியரும் வழக்கமாகப் பேசிக்கொள்ளும் பள்ளியில், பிள்ளை தன் துன்பத்தைச் சொல்லவும் துணிவு பெறும்.

அன்புக்குரியவர்களே, மாதா, பிதா, குரு, தெய்வம் என்று நாம் அடுக்கிச் சொல்லும்போது, பெற்றோருக்கும் கடவுளுக்கும் நடுவே ஆசிரியரை நிறுத்துகிறோம். அடுத்தடுத்து நிற்பவர்கள் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்தால் நடுவில் தவிப்பது பிள்ளைதான். பாடத்திட்டம் இன்னும் மாறலாம், சட்டங்கள் மாறலாம், நீதிமன்றத் தீர்ப்புகளும் மாறலாம். இவை எதுவும் நம் கையில் இல்லை. அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வி கேட்பதும், மதிப்பெண்ணைக் காட்டும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் நம் கையில் இருக்கின்றன. அதைச் செய்யத் தொடங்குவோம்.